நாற்பது கதிரைகளில் ஒன்று

1

பதிவுத்தபால் வந்திருக்கிறது என்று அறிவிக்கும் மஞ்சள் துண்டைக் கடிதப்பெட்டியில் கண்டால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். சுவிஸுக்கு வந்து இருபத்தைந்து வருடமாகிறது. முதல் ஆறு வருடங்கள் எங்களுடைய அகதி விண்ணப்பத்துக்கு ‘இல்லை’ என்ற பதில்கள் எல்லாம் அந்த மஞ்சள் துண்டின் வழியாகத்தான் வந்தன. பிறகு விசா வந்தது, நிரந்தர வதிவிடம் வந்தது, எனக்கும் மகளுக்கும் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டும் வந்தது. வயிறு மட்டும் இந்த மாற்றங்களை நம்பவில்லை.

இந்த வருடம் பெப்ரவரியில் அப்படி ஒரு துண்டு வந்தது. தபாற்கந்தோரில் கையெழுத்து வைத்து வாங்கிப் பார்த்தால், அனுப்பியது எங்கள் நகரச் செயலகம். அங்கேயே நின்று மூன்று முறை வாசித்தேன். நகரசபை உறுப்பினர் ஒருவர் வேறு ஊருக்குக் குடிபெயர்வதால் பதவி விலகுகிறார், அவருடைய பட்டியலில் அடுத்ததாக வாக்குப் பெற்றவர் நீங்கள், அந்த இடத்தை ஏற்கிறீர்களா என்பதைப் பத்து நாட்களுக்குள் எழுத்தில் அறியத்தரவும். கீழே இரண்டு பெட்டிகள். ஏற்கிறேன். ஏற்கவில்லை.

நாங்கள் இருப்பது ஆராவ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். இங்கே ஊருக்கென்றே ஒரு குட்டிப் பாராளுமன்றம் உண்டு, நாற்பது பேர். வரியையும் வீதியையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி அவர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் ரெகுலா ஒரு கட்சியில் இருக்கிறாள், அந்தச் சபையிலும் இருக்கிறாள். போன தேர்தலில் பட்டியலை நிரப்ப ஆள் போதாது, உன் பெயரைக் கடைசியில் போடட்டுமா, நீ ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று கேட்டாள். ஒன்றும் செய்யத் தேவையில்லை என்பதால்தான் நான் ஓம் என்றேன். ஊரிலுள்ள தமிழ்ச் சனமும் எங்கள் இல்லத்து முதியவர்களின் பிள்ளைகளும் என் பெயருக்கு இவ்வளவு வாக்குப் போடுவார்கள் என்று யார் கண்டது?

2

என் கணவர் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். திங்கட்கிழமைதான் அவருக்கு ஓய்வு. எங்கள் வீட்டில் பெரிய கதைகள் எல்லாம் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கும். ஐந்து நாட்கள் அந்தக் கடிதத்தை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருந்து திங்கட்கிழமை அவரிடம் கொடுத்தேன்.

அவர் சுவிஸ் குடியுரிமை எடுக்கவில்லை. ஒருநாள் ஊருக்குத் திரும்பிப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே நிரந்தர வதிவிடத்துக்கான ‘சி’ விசாவோடு நின்றுவிட்டார். அதனால் மனைவி சபையில் இருந்தாலும் மனைவிக்கு வாக்குப் போட அவரால் முடியாது. கடிதத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“உம்மட அப்பாவைக் கண்ட பிறகும் உமக்கு இது வேணுமோ?”

அப்பாவின் கதையை நான் இதற்கு முன்னர் எங்கேயும் எழுதியதில்லை. அப்பா தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். யுத்த காலத்தில் உள்ளூராட்சித் தேர்தல் ஒன்று வந்தபோது எங்கள் ஒழுங்கையின் வெள்ளம் வடிய வாய்க்கால் ஒன்று வேண்டும் என்பதற்காக மட்டும் போட்டியிட்டு, பிரதேச சபைக்குத் தெரிவானார். இரண்டு கூட்டங்களுக்குத்தான் போனார். ஒரு மத்தியானம் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். மிகவும் மரியாதையாகக் கதைத்தார்கள், அம்மா கொடுத்த தேத்தண்ணீரையும் குடித்தார்கள். அடுத்த நாள் அப்பா “என் சொந்த விருப்பத்தின் பேரில்” என்று தொடங்கி ஒரு வரியில் விலகல் கடிதம் எழுதினார். பக்கத்து ஊரில் அப்படி எழுத மறுத்தவரை நாங்கள் சவப்பெட்டியில்தான் பார்த்தோம். வந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் கழித்து, இவ்வளவு தூரத்தில் இருந்தும், அதை எழுத எனக்குத் துணிவில்லை.

அதற்குப் பிறகு அப்பா பல வருடங்கள் இருந்தார். மாரியில் ஒழுங்கைக்குள் வெள்ளம் நின்றால் பழக்கதோஷத்தில் சனம் அவரிடம்தான் வரும். அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பார்.

என் கணவர் அப்படிச் சொன்னது அப்பாவை மட்டும் நினைத்தல்ல. தன்னுடைய தாயைப் பார்க்க ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணம் போய் வருகிறார். விமான நிலையத்தில் யாராவது உன் மனைவி என்ன செய்கிறாள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார். இது குப்பை எடுக்கும் நாளையும் நீச்சல் குளத்தையும் பற்றிக் கதைக்கிற சபை என்று நான் விளக்கினேன். கொப்பரும் வாய்க்காலைப் பற்றித்தானே கதைத்தவர் என்றார்.  அவர் முன்னாலேயே ‘ஏற்கவில்லை’ என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். அவர் எழுந்து போய்ப் பருப்பைக் கழுவத் தொடங்கினார்.

3

எங்கள் மகள் நிலானி இங்கே பிறந்தவள். அப்போது பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான மத்தூரா சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது முடிந்து அவளுக்கும் வாக்குக் கவர்கள் வரத் தொடங்கியிருந்தன. ஒன்றையும் திறக்கவில்லை, புத்தகங்களுக்கு அடியில் கிடந்தன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், பயமும் வரும். இந்தப் பிள்ளைக்கு எதன் பெறுமதியும் தெரியாமல் போகிறதே என்ற பயம். கேட்டால், எல்லாம் தன்பாட்டில் நடக்கும்தானே அம்மா என்பாள்.

அவளுடைய சரித்திரப் பாடத்துக்குக் கேள்வி கேட்பது என் வேலை. சின்னச் சின்ன அட்டைகளில் ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதி வைத்திருப்பாள். என் ஜேர்மன் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே பதில் சொல்லுவாள். அந்தக் கிழமை மன்னர்களின் முறை. தன் சொல்லே சட்டம் என்றிருந்த பிரெஞ்சு மன்னன், நூற்றெழுபத்தைந்து வருடமாகக் கூடாமல் கிடந்த மக்கள் சபையை ஏன் திடீரென்று கூட்டினான் என்று அட்டையைப் பார்த்துக் கேட்டேன்.

“காசு முடிஞ்சுது அம்மா. வரி கேக்கவேண்டி வந்தது. கேக்க வந்த இடத்தில சனம் திருப்பிக் கேக்கத் தொடங்கிட்டுது.”

இங்கிலாந்திலும் அதே கதைதான். பதினொரு வருடம் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்ட மன்னன் படைக்குக் காசில்லாமல் கடைசியில் கூட்டினான், கூடியவர்கள் கலைய மறுத்தார்கள், பிறகு வந்த சண்டையில் அவன் தலையே போனது. முடிகள் எல்லாம் ஒரே நாளில் கழன்று விழுந்தன என்றுதான் நான் நினைத்திருந்தேன். அட்டைகளின்படி அது மிக மெல்ல நடந்திருக்கிறது. வரி கட்டியவர்கள் கணக்குக் கேட்டார்கள், பிறகு சட்டம் கேட்டார்கள், பிறகு மன்னனின் மந்திரிகளையே கேள்வி கேட்டார்கள். அந்தச் சபைகளிலும் முதலில் சொத்துள்ள ஆண்கள்தான். மற்றவர்கள் உள்ளே வர இன்னும் இரண்டு நூற்றாண்டு பிடித்தது.

சுவிஸில்தான் மன்னனே இல்லையே என்றேன். மகள் சிரித்தாள். நாங்கள் இருக்கிற இந்தப் பகுதியைக் கிட்டத்தட்ட நானூறு வருடம் பேர்ன் நகரத்துப் பிரபுக் குடும்பங்கள் ஆண்டனவாம். இங்கிருந்தவர்கள் குடிகள்தான், ஆளும் உரிமை இல்லை. பிரெஞ்சுப் படை வந்த வருடம் அது முடிந்தது. நான் மீனும் மரக்கறியும் வாங்கப் போகிற ஆராவ், சில மாதங்கள் புதிய குடியரசின் தலைநகராகவும் இருந்திருக்கிறது.

அடுத்த அட்டை பெண்களின் வாக்குரிமை. சுவிஸ் பெண்களுக்கு 1971. எங்களுக்கு 1931, உங்களைவிட நாற்பது வருடம் முந்தி என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் உடனே கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து, அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்ததாம் அம்மா, கதிரைகள் வெறுமையாகக் கிடந்ததாம் என்றாள். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பள்ளிக்கூடத்தில் படித்தது. இலங்கைக்கு முழுச் சுதந்திரம் இல்லை என்ற நியாயமான கோபத்தில் செய்தார்கள். ஆனாலும் அவள் வாயால் கேட்டபோது ஒருமாதிரி இருந்தது. புள்ளடி போட்ட கடிதம் அப்போதும் என் கைப்பைக்குள் இருந்தது.

4

அடுத்த நாள் வேலையில் ரெகுலாவிடம் நான் வரவில்லை என்று சொன்னேன். கெஞ்சுவாள், காரணம் கேட்பாள் என்று எதிர்பார்த்து நாலைந்து வசனங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் என் தோளைத் தட்டி, பரவாயில்லை, பட்டியலில் அடுத்த ஆளைக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவ்வளவுதான்.

அந்தச் சுலபம்தான் என்னைக் குடைந்தது. அன்று முழுவதும் யாரைக் குளிப்பாட்டினேன், யாருக்குச் சாப்பாடு கொடுத்தேன் என்று நினைவில்லை. அப்பாவை விலக்க இரண்டு பேர் சைக்கிளில் வரவேண்டி இருந்தது. என்னை ஒருவரும் மிரட்டவில்லை. கதவைத் தட்டவில்லை. நானே போய் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். செயலகத்துக்குப் போன் பண்ணி, தவறான பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டேன், வேறு படிவம் தருவீர்களா என்று கேட்டேன். எதிர்ப்பக்கத்துப் பெண், பிழையானதை வெட்டிவிட்டு மற்றதில் போட்டுக் கையெழுத்து வையுங்கள், போதும் என்றாள்.

கணவரிடம் சொன்னபோது, பெயரை மட்டும் பேப்பரில் போடவேண்டாம் என்று சொல்லும் என்றார். பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதை நான் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

மார்ச் மாதக் கூட்டத்தில் உறுதிமொழி. சபைத் தலைவி, என் மாமனாரின் பெயராகிய என் குடும்பப் பெயரில் பாதி வரை வந்து மூச்சு வாங்கினார். உறுதிமொழியை அவர் வாசிப்பார், நான் “இஹ் கெலோபே எஸ்”, அதாவது ‘உறுதி கூறுகிறேன்’, என்று மூன்று சொல் சொல்லவேண்டும். ஒரு கிழமை குளியலறையில் சொல்லிப் பழகினேன். எழுந்து நின்றபோது “இஹ் கிளாவ்பே எஸ்” என்று வந்துவிட்டது. ‘அப்படித்தான் நினைக்கிறேன்’ என்று அர்த்தம். பின்வரிசையில் ஒருவர் இருமினார். தலைவி சிரிக்காமல், தயவுசெய்து இன்னொரு முறை என்றார். இரண்டாம் முறை சரியாகச் சொன்னேன். ஆனால் அன்று முழுவதும், இது செல்லுபடியாகாது, குடியுரிமையையும் திருப்பிக் கேட்பார்கள் என்ற விசரான எண்ணம் என்னை விடவில்லை.

5

மே மாதம் ஒரு சிக்கனத் திட்டம் வந்தது. நாற்பது பக்கம். அகராதியோடு இருந்து வாசித்ததில் முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரியைக் கண்டேன். நகரம் தன் செலவில் ஓடவிடும் காலை முதலாவது பஸ் நிறுத்தப்படும். ஐந்து முப்பத்தெட்டு பஸ். நான் போகிற பஸ்.

கட்சிக் குழு முழுத் திட்டத்துக்கும் ஆதரவளிப்பதாக ஏற்கெனவே மற்றக் கட்சிகளோடு கதைத்து முடிவு செய்திருந்தது. ஒரு செங்கல்லை உருவினால் முழுச் சுவரும் விழும் என்று ரெகுலா சொன்னாள். உன் வாக்கு உன்னுடையது, ஆனால் வந்து இரண்டு மாதத்தில் எழுந்து பேசுவது புத்தியில்லை என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. அவளோடுதான் நான் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்யவேண்டும். கூட்டத்துக்கு முந்திய மூன்று இரவும் பேசவேண்டியதை எழுதுவதும் வெட்டுவதுமாக இருந்தேன்.

கூட்டத்தில் பஸ் பகுதி வந்தபோது, அதில் சராசரி பதினொரு பேர்தான் போகிறார்கள் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். என் கை எப்படி உயர்ந்தது என்று தெரியவில்லை. எழுதிக் கொண்டுபோன தாளை மேசையில் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன்:

“அந்தப் பதினொரு பேரையும் எனக்குத் தெரியும். உங்கள் அம்மா அப்பாவைக் காலையில் கட்டிலிலிருந்து எழுப்புகிறவர்கள் அவர்கள்தான்.”

அவர்களும் வரி கட்டுகிறார்கள், ஆனால் வாக்கில்லை என்பதால் இந்த அறைக்குள் அவர்களுடைய ஆள் யாரும் இல்லை என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது முழங்கால் மேசையில் அடிபட்டது. பஸ்ஸை நிறுத்தக்கூடாது என்ற என் பிரேரணை வாக்குக்கு வந்தது, நான்கு வாக்கு வித்தியாசத்தில் தோற்றோம். ரெகுலா எனக்கு எதிராகத்தான் வாக்களித்தாள். அடுத்த நாள் வேலையில் இருவரும் முதியவர்களின் உடல்நிலையைப் பற்றி மட்டுமே கதைத்தோம்.

6

என்னோடு பஸ்ஸில் ஹிவெட் என்ற எரித்திரியப் பெண் வருவாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. தற்காலிக அனுமதியில் இருப்பவள். டிசம்பரோடு இந்த பஸ் இல்லை, நான் எதிர்த்துப் பேசினேன், சரிவரவில்லை என்று அவளிடம் சொன்னேன். நன்றி சொல்லுவாள் என்று மனதின் ஒரு மூலை காத்திருந்தது உண்மை.

அவள் “நீ எங்களுக்காகப் பேசினாய். எங்களிடம் ஒரு சொல் கேட்டாயா?” என்றாள்.

கேட்கவில்லை. இரண்டு கிழமையாக அந்தக் காகிதம் என் கைப்பையில் இருந்தது, ஒவ்வொரு காலையும் அவர்களோடு பக்கத்தில் இருந்தே போனேன். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. தோற்றால் வெட்கம் என்று பயந்தேன். குடிகளின் நன்மை தங்களுக்குத் தெரியும் என்றுதான் அந்தப் பேர்ன் பிரபுக்களும் இருந்திருப்பார்கள். 

வீட்டுக்கு வந்து நிலானியிடம் சொன்னேன். சோதனை முடிந்து சும்மா இருந்தாள். வாக்கில்லாதவர்களும் மனுக் கொடுக்கலாம் என்று படித்த ஞாபகம் என்று சொல்லி, அரசியலமைப்பில் அந்தப் பிரிவைத் தேடி எடுத்தாள். யாரும் மனுக் கொடுக்கலாம், அதனால் அவர்களுக்கு எந்தத் தீங்கும் வரக்கூடாது என்று இருந்தது. அந்த வசனத்தைப் பெரிய எழுத்தில் தாளின் மேலே அடித்துத் தந்தாள். இதைச் செய்ததால் அவள் மாறிவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். ஜூன் மாத வாக்குக் கவரும் திறக்காமலே கிடந்தது.

பஸ்ஸில் தாளை நீட்டியபோது ஹிவெட் பேனாவைத் தொடவில்லை. இதில் கையெழுத்து வைத்தால் தன் அனுமதிக்கு ஏதும் நடக்குமா என்று கேட்டாள். எனக்கு அப்பாவின் அந்த ஒற்றை வரிக் கடிதம்தான் கண்ணுக்குள் வந்தது. சட்டம் இப்படிச் சொல்கிறது என்று மேலே இருந்ததைக் காட்டினேன். எனக்கும் பயம்தான் என்று உண்மையைச் சொன்னேன். அவள் அந்த வசனத்தை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை வாசித்தாள். அடுத்த தரிப்பிடம் வருவதற்குள் கையெழுத்து வைத்தாள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கித் தன் சலவைக்கூடத்துக்கும் கொண்டுபோனாள். இரண்டு கிழமையில் பதினொரு பேர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பேக்கரிக்காரர், பள்ளிக்கூடம் துப்புரவாக்குகிறவர்கள், கடைசித் தாளில் ரெகுலா. அவள் மருந்து வண்டியின் மேலே வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

என் கணவரிடம் நான் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்க எனக்கு மனம் வரவில்லை.

செப்டெம்பரில் பதில் வந்தது. இந்த முறை சாதாரணத் தபால். மனுவைப் பரிசீலித்த நகர நிர்வாகம், வேலை நாட்களில் முதலாவது பஸ்ஸை இன்னும் ஒரு வருடம் பரீட்சார்த்தமாக ஓடவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை. எனக்கும் ஹிவெட்டுக்கும் இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு வேலை உண்டு. அந்த நாட்களில் நாற்பது நிமிடம் நடக்கவேண்டும். மாரியில் பனி உறைந்த நடைபாதையை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. ஒரு வருடம் கழித்து என்ன செய்வார்களோ என்றும் தெரியாது.

அது ஒரு திங்கட்கிழமை. இவர் கடிதத்தை வாங்கி, ஜேர்மன் சொற்களை எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தார். பிறகு மடித்து மேசையில் வைத்தார்.

“ஞாயிறு பஸ்ஸுக்கும் கேக்க ஏலாதோ?” என்றார்.

“கேக்கலாம்.”

“விசாக்காரரும் கையெழுத்து வைக்கலாம் எண்டுதானே பிள்ளை சொன்னவள்?”

“ஓம்.”

அப்படியென்றால் தாளை அடிக்கச் சொல்லும் என்றார். நிலானியின் அறைக் கதவைத் தட்டியதும் அவர்தான்.